ரோஜர்னா 'சரி'ன்னு அர்த்தம் இல்லைங்க

பதிவு போட்டு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆள் இருக்கானா, இல்ல பனியில உறைஞ்சு போயிட்டானான்னு தனிமடல்ல விசாரிச்ச நல்ல உள்ளங்களுக்கு நன்றி. இருக்கேன். ஒரு பக்கம் தீசிஸ், இன்னொரு பக்கம் ஒரு வெட்டி வேலை. அந்த வெட்டி வேலையைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கிட்டு உக்காருங்க.

நான் இருக்கிறது டார்ம்ஸ்டாட்ல. இங்கேருந்து பிராங்க்பர்ட் போக எஸ் 3 ரயில் பிடிக்கணும். வழியில லாங்கன்னு ஒரு சின்ன ஊர். இந்த ஊர்லதான் டிஎஃப்எஸ், அதாவது ஜெர்மனியின் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தோட தலைமையகமும் பயிற்சிப் பள்ளியும் இருக்கு. 1953-ல பிஎஃப்எஸ்ங்கிற அரசுத்துறையா ஆரம்பிச்சு, 1993-ல அரசுக்குச் சொந்தமான நிறுவனமா மாறினது. இங்க கன்ட்ரோலர் வேலைக்குச் சேரணும்னா அபிட்டூர் முடிச்சிருக்கணும் (நம்ம பிளஸ் டூ மாதிரி), வயசு 24-க்குள்ள இருக்கணும், ஹாம்பர்க்ல டிஎல்ஆர் ஆய்வு மையம் வைக்கிற தேர்வுகள்ல தேறணும். அப்புறம் வருஷக்கணக்குல பயிற்சி. எனக்கு 25 ஆயிடுச்சு. கதவு சாத்தியாச்சு :-)

அதனால என்ன, ராத்திரி எட்டு மணிக்கு மேல என் ஹாஸ்டல் ரூம்ல நானும் ஒரு கன்ட்ரோலர்தான். சம்பளம் கிடையாது. விமானமும் நிஜம் கிடையாது. ஆனா அந்த விமானத்தை ஓட்டுற ஆள் நிஜம், அவர் குரல் நிஜம், நான் பண்ற தப்பும் நிஜம்.

கொசுவத்தி கொஞ்சம்

நான் வளர்ந்தது பல்லாவரம். மீனம்பாக்கத்துல இறங்குற விமானம் மொட்டை மாடிக்கு மேல போறதைப் பாத்து வளர்ந்த பையன். பெரியப்பா பையன் கம்ப்யூட்டர்ல மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் இருந்துச்சு. லீவு விட்டா அங்கதான். அதுல ஒரே குறை, வானத்துல நம்மளத் தவிர ஆளே இருக்க மாட்டாங்க. கம்ப்யூட்டரே கன்ட்ரோலர் மாதிரி பேசும், ஆனா அது பஸ் ஸ்டாண்ட் அறிவிப்பு மாதிரி. நாம என்ன சொன்னாலும் அது பாட்டுக்குப் பேசும்.

அந்தக் குறை மத்தவங்களுக்கும் இருந்திருக்கு. 1990-களோட பிற்பகுதியில ஜோ ஜுரெக்கா என்ற அமெரிக்கர் 'ஸ்குவாக்பாக்ஸ்'னு ஒரு நிரல் எழுதினார். அதைப் போட்டுக்கிட்டா இணையத்துல இருக்கிற மத்த விமானங்கள் உங்க சிமுலேட்டர் வானத்துல தெரியும். கன்ட்ரோலர் பக்கத்துக்கு 'புரோகன்ட்ரோலர்'னு ஒரு ராடார் திரை. இந்த ரெண்டையும் வச்சு சாட்கோ என்ற அமைப்பு கிளம்பிச்சு. மனுஷங்க சேர்ந்தா என்ன ஆகும்? உடையும். 1998-ல ஒரு கூட்டம் பிரிஞ்சு ஐவிஏஓ ஆச்சு. 2001-ல வாட்சிம் உருவாச்சு. ரெண்டும் இன்னிக்கு வரைக்கும் ஓடுது. ரெண்டுலயும் எல்லாரும் தன்னார்வலர்கள். நான் இருக்கிறது வாட்சிம்ல.

ஆரம்ப காலத்துல பெரும்பாலும் தட்டச்சுதான். "ஓடுபாதை 25, இறங்க அனுமதி"ன்னு டைப் அடிப்பாங்க. அப்புறம் குரல் வந்துச்சு. 2019 அக்டோபர்ல குரல் முறையையே மொத்தமா மாத்திட்டாங்க. இப்ப நிஜ ரேடியோ மாதிரியே தூரம் போகப் போக சத்தம் மங்கும். ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா ரெண்டுமே காதுல விழாது, ஒரு இரைச்சல்தான் கேக்கும். இந்த இரைச்சலை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

எல்கேஜியிலேருந்து

பைலட்டா சேர ஒரு சின்ன அறிமுகத் தேர்வு போதும். கன்ட்ரோலர் ஆகணும்னா படிப்படியா ஏறணும். எஸ்1-னா தரைக் கட்டுப்பாடு, விமானத்தை நிறுத்துமிடத்துலேருந்து ஓடுபாதை வரைக்கும் கொண்டு போறது. எஸ்2 டவர், ஓடுபாதைக்குப் பொறுப்பு. எஸ்3 அப்ரோச், இறங்க வர்றதையும் ஏறிப் போறதையும் வரிசைப்படுத்துறது. சி1 வந்தாத்தான் ஒரு பெரிய வான்பகுதி கையில வரும். ஒவ்வொரு படிக்கும் தியரி, அப்புறம் மென்டர் கூட நேரடிப் பயிற்சி. டவர்லேருந்து மேல போக, ஒரு தேர்வாளர் பாத்துக்கிட்டு இருக்க, நிஜமா டிராஃபிக் ஓடுற நேரத்துல உக்காந்து பாஸ் பண்ணணும்.

ஜெர்மன்காரங்க இதை எப்படிப் பண்ணுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். குப்பையையே நாலு கலர்ல பிரிக்கிற ஊரு. நிஜத்துல ஜெர்மனியோட கீழ்வானம் லாங்கன், மியூனிக், பிரேமன்னு பிரிஞ்சிருக்கு. மேல்வானத்தை கார்ல்ஸ்ரூவும், வடமேற்குப் பக்கம் நெதர்லாந்துல இருக்கிற மாஸ்ட்ரிக்ட் நிலையமும் பாத்துக்குது. நம்ம வாட்சிம்லயும் அதே மாதிரிதான் பிரிச்சிருக்காங்க, எல்லைக்கோடுகூட அப்படியே.

எனக்குக் கிடைச்ச மென்டர் அபிட்டூர் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருந்த பையன். என்னைவிட ஆறு வயசு சின்னவன். முதல் நாள் டீம்ஸ்பீக்ல பேசும்போது பழக்க தோஷத்துல "சார்"னுட்டேன். அந்தப் பக்கம் ரெண்டு விநாடி அமைதி. அப்புறம் விழுந்து விழுந்து சிரிச்சான். "எங்க வாத்தியாரையே நான் அப்படிக் கூப்பிட்டதில்ல"ன்னான்.

முதல் பாடம் அன்னிக்கே. அவன் ஏதோ சொன்னான், நான் "ரோஜர்"னேன்.

"ரோஜர்னா என்ன?"

"சரின்னு அர்த்தம்."

"இல்ல. நீ சொன்னது முழுசா என் காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம். அவ்வளவுதான். ஒத்துக்கிட்டேன்னோ செய்யறேன்னோ இல்ல. செய்யறேன்னு சொல்லணும்னா வில்கோ. ஆமான்னு சொல்லணும்னா அஃபர்ம். முக்கியமான அனுமதின்னா இது எதுவுமே பத்தாது. நான் சொன்னதை நீ எனக்குத் திருப்பிச் சொல்லணும். நீ சொன்னது சரியான்னு நான் காது கொடுத்துக் கேக்கணும். நான் கேட்டாத்தான் பாதி வேலை முடிஞ்சுது."

ரீட்பேக், ஹியர்பேக். சொன்னதைத் திருப்பிச் சொல்றது, திருப்பிச் சொன்னதை உண்மையாவே கேக்கறது. தியரியில இது ஒரு பக்கம். இதென்ன பெரிய வித்தைன்னு நினைச்சேன்.

ஐம்பத்தேழும் எழுபத்தஞ்சும்

இங்க ஒரு கிளைக்கதை. சம்பந்தம் இருக்கு, பொறுங்க.

ஜெர்மன்ல எண் சொல்றது தலைகீழ். 57-ஐ 'ஏழும் ஐம்பதும்'னு சொல்வாங்க, 'சீபன் உண்ட் ஃபுன்ஃப்ட்சிக்'. காது முதல்ல ஏழைப் பிடிக்கும், கை 7 எழுதிடும், அப்புறம் 5. முடிஞ்சுது கதை, 75. போன வருஷம் லேப்ல என்னை மேற்பார்க்கிறவர் ஒரு சாம்பிளை அடுப்புல வைக்கிறதுக்கு வெப்பநிலை சொன்னார். 57. நான் பலமா தலையாட்டி "அல்லஸ் கிளார்"ன்னேன், எல்லாம் தெளிவுன்னு அர்த்தம். நோட்ல எழுதினது 75. மூணு வாரம். மூணு வாரமும் எல்லா சாம்பிளும் 75 டிகிரியில வெந்துச்சு.

அவர் திட்டலை. "சந்தேகம் இருந்திருந்தா கேட்டிருக்கலாமே"ன்னார். கொடுமை என்னன்னா, சந்தேகம் இருந்துச்சு. அந்த நிமிஷமே இருந்துச்சு. ஆனா ஏற்கெனவே அன்னிக்கு ரெண்டு தடவை "மறுபடி சொல்லுங்க"ன்னு கேட்டிருந்தேன். மூணாவது தடவை கேக்க வாய் வரல. வகுப்புல தலையாட்டி வளர்ந்தவங்க நாம. "புரிஞ்சுதா?"ன்னு வாத்தியார் கேட்டா அறுபது பேரும் "புரிஞ்சுது சார்" பாடுவோம். எழுந்து நின்னு "புரியல"ன்னு சொல்றவன் மக்கு இல்லன்னா திமிர் பிடிச்சவன். வெளிநாட்டுல படிக்கிற நம்ம ஆளுங்க எத்தனை பேர் இந்தத் தலையாட்டலை மூட்டை கட்டிக்கிட்டு வந்திருக்கோம்னு நெஞ்சுல கை வச்சு சொல்லுங்க பாப்போம்.

இந்தக் குழப்பம் ஜெர்மன்காரங்களுக்கும் உண்டுங்கிறது எனக்கு ஆச்சரியம். 'ட்ஸ்வை'ன்னா ரெண்டு, 'டிரை'ன்னா மூணு. போன்ல ஒண்ணு போலவே கேக்கும். அதனால ரெண்டுக்கு 'ட்ஸ்வோ'ன்னு ஒரு தனி உச்சரிப்பே வச்சிருக்காங்க, ரேடியோவுலயும் போன்லயும் அதுதான். இங்க விமான ரேடியோவுல பேச பைலட்டுக்குத் தனியா சான்றிதழ் உண்டு, பிஇசட்எஃப்னு பேரு. ஜெர்மன்ல மட்டும் பேசறதுக்கு ஒண்ணு, ஆங்கிலமும் சேர்த்து இன்னொண்ணு. ஆங்கில ரேடியோவுலயும் ஒன்பதை 'நைனர்'னு இழுப்பாங்க, மூணை 'ட்ரீ'ம்பாங்க. எண்களைத் தனித்தனியா ஒவ்வொரு இலக்கமா சொல்லுவாங்க. நம்ம ஊர் மளிகைக்கடையில "அறுபதா, எழுபதா?"ன்னு விரலைக் காட்டிக் கேக்கறோமே, அதே பிரச்னைதான். அண்ணாச்சி வெக்கப்படாம கேக்கறாரு. நான் வெக்கப்பட்டேன்.

ஸ்டுட்கார்ட்ல ஒரு சாயந்திரம்

எஸ்1 முடிச்சு டவர் பயிற்சிக்கு வந்தேன். ஸ்டுட்கார்ட் விமான நிலையம், ஒரே ஓடுபாதை, ஒரு முனை 07, மறுமுனை 25. அன்னிக்கு 25 பக்கம் ஓடிக்கிட்டிருந்துச்சு. இறங்க ஒருத்தர் நாலு மைல்ல வந்துக்கிட்டிருக்கார். கிளம்ப ஒருத்தர் ஓடுபாதை விளிம்புல நிக்கறார். நான் சொன்னது: ஓடுபாதைக்கு வெளியே நில். அவர் திருப்பிச் சொன்னார். அதே நேரம் மூணாவது ஆள் புதுசா கூப்பிட்டார். நான் அவருக்குப் பதில் சொல்லப் போயிட்டேன்.

ரெண்டு நிமிஷத்துக்கும் குறைவு. திரையைப் பாத்தா, கிளம்ப வேண்டியவர் ஓடுபாதை நடுவுல போய் நிக்கறார். இறங்க வர்றவர் ஒன்றரை மைல்ல.

எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. காதுக்குள்ள மென்டர் குரல், ரொம்ப நிதானமா: "மேல அனுப்பு. இப்பவே." "கோ அரவுண்ட்"னு கத்தினேன். அவர் ஏறிப் போயிட்டார். யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆகவும் முடியாது, எல்லாம் படம்தானே. ஆனா என் கை பத்து நிமிஷம் நடுங்குச்சு.

முடிஞ்சப்புறம் மென்டர் கேட்டான், "அவர் என்ன திருப்பிச் சொன்னார்?"

"வெளியே நிக்கறேன்னார். அவர்தான் சொன்னபடி கேக்கல."

அவன் பதிவு பண்ணி வச்சிருந்ததைப் போட்டுக் காட்டினான். அந்த பைலட் தெளிவா, அழகா, "ஓடுபாதைக்குள் வரிசையில் நிற்கிறேன், 25" அப்படின்னு சொல்லியிருக்கார். நான் கேட்டேன், ஆனா அவர் சொன்னதைக் கேக்கல. அவர் என்ன சொல்லணும்னு நான் எதிர்பாத்தேனோ அதைத்தான் கேட்டிருக்கேன். என் மௌனத்தை அவர் 'சரி'ன்னு எடுத்துக்கிட்டார்.

"தப்பு அவரோடதும்தான்," என்றான் மென்டர். "ஆனா பிடிக்க வேண்டிய இடத்துல நீ இருந்த." அப்புறம் வீட்டுப்பாடம் மாதிரி மூணு விபத்துப் பேரைக் கொடுத்து, விசாரணை என்ன சொல்லுதுன்னு படிச்சிட்டு வரச் சொன்னான்.

மூணு விபத்து

முதலாவது டெனரிஃப். 1977 மார்ச் 27. ஸ்பெயினோட கேனரித் தீவுகள்ல லாஸ் ரோடியோஸ்னு சின்ன விமான நிலையம். பக்கத்துத் தீவுல குண்டு வெடிச்சதால விமானங்களை எல்லாம் இங்க திருப்பி விட்டிருந்தாங்க. கடும் மூடுபனி. ரெண்டு போயிங் 747, ஒண்ணு கேஎல்எம், இன்னொண்ணு பான் ஆம், ஒரே ஓடுபாதையில. கேஎல்எம் விமானி கிளம்ப அனுமதி வந்ததா நினைச்சு வேகமெடுத்துட்டார். கன்ட்ரோலர் "நில்லு, கூப்பிடறேன்"னு சொன்ன அதே நொடியில பான் ஆம்காரங்களும் "நாங்க இன்னும் ஓடுபாதையிலதான் இருக்கோம்"னு பேச, ரெண்டும் மோதி கேஎல்எம் காக்பிட்ல கேட்டது வெறும் இரைச்சல். மேல ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, அதே இரைச்சல். அப்பவும் கேஎல்எம் ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டிருக்கார், அந்த பான் ஆம் இன்னும் விலகலையோன்னு. கேப்டன் அழுத்தமா விலகிட்டான்னு சொல்லிட்டார். மூத்தவர் சொன்னா சின்னவர் மறுபடி கேப்பாரா? கேக்கல. 583 பேர். விமான வரலாற்றுல விபத்துன்னு எடுத்துக்கிட்டா இதைவிடப் பெரியது இதுவரைக்கும் இல்ல. இதுக்கப்புறம்தான் 'டேக் ஆஃப்'ங்கிற வார்த்தையைக் கிளம்ப அனுமதி கொடுக்கும்போதோ ரத்து பண்ணும்போதோ மட்டும்தான் உச்சரிக்கணும்னு ஆச்சு. மத்த நேரமெல்லாம் 'டிபார்ச்சர்'தான். என் எஸ்1 தியரியில இதுக்கு ஒரு கேள்வி வந்துச்சு. சரியா எழுதினேன், ஏன்னு தெரியாமலே.

ரெண்டாவது நம்ம நாட்டுல. 1996 நவம்பர் 12, ஹரியானாவுல சர்க்கி தாத்ரி. டெல்லியிலேருந்து கிளம்பின சவுதி 747-க்கு 14,000 அடி, எதிர்ல இறங்கி வந்த கஜகஸ்தான் இல்யூஷின் விமானத்துக்கு 15,000 அடி. டெல்லியில அப்ப வரவும் போகவும் ஒரே வான்வழி. கஜகஸ்தான் விமானத்துல கன்ட்ரோலரோட பேசினது ரேடியோ ஆபரேட்டர். உயரம் காட்டுற கருவி அவர் முன்னாடி கிடையாது, விமானிகளோட தோளுக்கு மேல எட்டிப் பாக்கணும். 15,000-ல இருக்கோம்னு சொல்லிக்கிட்டே அதுக்குக் கீழ இறங்கிட்டாங்க. 349 பேர், ஒருத்தர்கூடப் பிழைக்கல. இதுல எனக்கு உறைச்சது, திருப்பிச் சொன்ன எண் சரி. வாய் கேட்டது கைக்குப் போகல. 57-ன்னு கேட்டு 75-ன்னு எழுதினவனுக்கு இது நல்லாவே புரியும். இதுக்கப்புறம் டெல்லியில வரவுக்கும் போக்குக்கும் தனித்தனி வழி வந்துச்சு. மோதலைத் தவிர்க்க எச்சரிக்கிற கருவியையும் இந்தியா கட்டாயமாக்கிச்சு.

மூணாவது ஜெர்மனி, யூபர்லிங்கன், போடன் ஏரிக்கரை. 2002 ஜூலை 1, ராத்திரி 11:35. பெரும்பாலும் ஊஃபா நகரத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைங்களோட ரஷ்யாவுலேருந்து வந்த டுபோலெவ் விமானமும் டிஹெச்எல் சரக்கு விமானமும் மோதி 71 பேர் செத்தாங்க. அந்த வான்பகுதி ஜெர்மனி மேல இருந்தாலும் பொறுப்பு சூரிச்ல இருக்கிற ஸ்கைகைடுக்கு. அன்னிக்கு ராத்திரி பணியில ரெண்டு பேர், ஒருத்தர் ஓய்வுக்குப் போயிட்டார், அது அங்க வழக்கமாவே இருந்திருக்கு. மிச்சம் இருந்த ஒருத்தர் ரெண்டு திரை, ரெண்டு அலைவரிசை பாக்கறார். பராமரிப்பு வேலையால முக்கிய ராடார் வசதிகள் குறைஞ்ச நிலையில, முக்கிய போன் இணைப்பும் துண்டிப்பு. கார்ல்ஸ்ரூ நிலையத்துல எச்சரிக்கை வந்து அவங்க சூரிச்சுக்குப் போன் போட்டுப் போட்டுப் பாத்தாங்க, லைன் கிடைக்கல. கடைசி நிமிஷத்துல அவர் டுபோலெவை இறங்கச் சொன்னார். விமானத்துக்குள்ள இருந்த டீகாஸ் கருவி ஏறச் சொல்லுச்சு. விமானிகள் மனுஷன் பேச்சைக் கேட்டாங்க. அடுத்த விமானத்தை அதோட கருவியும் இறங்கச் சொல்லியிருந்துச்சு.

அந்தக் கன்ட்ரோலரை, மனைவியையும் ரெண்டு பிள்ளைங்களையும் பறிகொடுத்த ஒரு தகப்பன் 2004 பிப்ரவரியில அவர் வீட்டு வாசல்லயே குத்திக் கொன்னார். 2007-ல சுவிஸ் நீதிமன்றம் ஸ்கைகைடைச் சேர்ந்த நாலு பேரைக் குற்றவாளின்னு சொல்லுச்சு. அதாவது அவரைத் தனியா விட்டவங்களை. படிச்சிட்டு ராத்திரி தூக்கம் வரலைங்க. கருவியும் கன்ட்ரோலரும் முரண்பட்டா கருவி சொல்றதைத்தான் கேக்கணும்கிற விதி இதுக்கப்புறம் சந்தேகமே இல்லாம எழுதப்பட்டுச்சு.

திரும்பிப் போறது அவமானம் இல்ல

"மூணும் படிச்சேன். பயமா இருக்கு, விட்டுடலாம்னு பாக்கறேன்"னு மென்டர்கிட்ட சொன்னேன். அவன் பெர்லின் கதையை எடுத்தான்.

1948 ஜூன்ல சோவியத் ரஷ்யா மேற்கு பெர்லினுக்குப் போற சாலை, ரயில் எல்லாத்தையும் அடைச்சப்போ, அமெரிக்காவும் பிரிட்டனும் வான்வழியா அரிசி பருப்பு மாதிரி நிலக்கரியும் மாவும் கொண்டு போய்க் கொட்டினாங்க. ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை, மேகம் கூரை உயரத்துக்கு இறங்கிடுச்சு. டெம்பல்ஹோஃப்ல ஒரு விமானம் ஓடுபாதையைத் தாண்டி எரிஞ்சது, அடுத்ததுக்கு டயர் வெடிச்சது. மேல விமானங்கள் ஒண்ணு மேல ஒண்ணா வட்டமடிச்சுக் காத்துக்கிட்டிருக்கு. அந்த வட்டத்துல ஒரு விமானத்துல மாட்டிக்கிட்டவர், மொத்த வேலைக்கும் பொறுப்பான ஜெனரல் டன்னர். எல்லாரையும் திரும்பிப் போகச் சொல்லிட்டார். அன்னிலேருந்து புது விதி: காத்திருப்பே கிடையாது. மூணு நிமிஷத்துக்கு ஒரு விமானம், இறங்க ஒரே வாய்ப்பு, தவறினா சரக்கோட புறப்பட்ட ஊருக்கே திரும்பு. எவ்வளவு பெரிய விமானியா இருந்தாலும் சரி. அப்படித்தான் மொத்தம் ரெண்டே முக்கால் லட்சம் தடவைக்கு மேல பறந்து, 23 லட்சம் டன் கொண்டு போனாங்க.

எனக்கு இதைவிடப் பிடிச்சது இன்னொரு விஷயம். பெர்லின்ல ஷோனபர்க் பகுதியில ஒரு நீதிமன்றக் கட்டடத்துல நாலு நாட்டு அதிகாரிங்களும் சேர்ந்து உக்காந்து விமானங்களைக் கவனிச்ச ஒரு அறை இருந்துச்சு. 1948-ல ரஷ்யாக்காரங்க மத்த கூட்டுக் கமிட்டிகள்லேருந்தெல்லாம் எழுந்து போனாங்க. இந்த அறையிலேருந்து போகல. முற்றுகை நடந்தப்பவும், அப்புறம் சுவர் எழும்பினப்பவும், 1990 வரைக்கும் அந்த நாலு மேசையும் இருந்துச்சு.

"கோ அரவுண்ட்னு சொல்றதும், 'முடியாது'ன்னு சொல்றதும், 'மறுபடி சொல்'லுன்னு சொல்றதும் தோல்வி இல்ல. அதுக்குன்னே வார்த்தை செஞ்சு வச்சிருக்காங்க. அதைப் பயன்படுத்த வெக்கப்படறவன்தான் ஆபத்து." பதினெட்டு வயசுப் பையன் சொன்னது.

நடத்தை விதிகள்

வாட்சிம்ல நடத்தை விதின்னு பெரிய பட்டியலே உண்டு. மரியாதையா பேசணும். அரை மணி நேரத்துக்கு மேல விமானத்தை ஆளில்லாம விடக் கூடாது. அவசரநிலைன்னு விளையாடலாம், ஆனா கன்ட்ரோலர் இப்ப முடியாதுன்னா நிறுத்திடணும், இல்லன்னா இணைப்பைத் துண்டிச்சுட்டுப் போயிடணும். விமானக் கடத்தல் நாடகம் அறவே கூடாது. மீறினா மேற்பார்வையாளர்னு தன்னார்வலர்கள் இருக்காங்க, ஒரு கட்டளை தட்டினா வந்து நிப்பாங்க.

இதையெல்லாம் யாருக்காக மதிக்கணும்? சம்பளம் இல்ல, கைது இல்ல, பிடிக்கலைன்னா கம்ப்யூட்டரை மூடிட்டுத் தூங்கலாம். நிஜ பிராங்க்பர்ட்ல ராத்திரி 11 முதல் காலை 5 வரைக்கும் வழக்கமான விமானங்களுக்குத் தடை. நம்ம பொம்மை பிராங்க்பர்ட்ல நடுராத்திரி ஒண்ணரை மணிக்கும் ஒரு தாத்தா சரியான உச்சரிப்போட அனுமதி கேட்டு, ஒரு எழுத்து விடாம திருப்பிச் சொல்லுவார். எதுக்கு?

நான் நினைக்கிறது இதுதான். நாங்க நிஜக் கன்ட்ரோலர் இல்ல, அவங்க சுமையில நூத்துல ஒண்ணுகூட எங்க தோள்ல இல்ல. அப்படி நினைச்சுக்கிறது அசிங்கம். யூபர்லிங்கன் மனுஷனுக்கு கம்ப்யூட்டரை மூடிட்டுப் போற வசதி இல்ல. எங்களுக்கு இருக்கு. அந்த வசதியை வச்சு என்ன பண்ணலாம்னா, யாரும் சாகாத இடத்துல 'எனக்குக் கேக்கல'ன்னு சொல்லிப் பழகலாம். நூறு தடவை, ஆயிரம் தடவை. மூத்தவர்கிட்ட, சின்னவன்கிட்ட, தெரியாதவன்கிட்ட. பழகிப் பழகி, சொல்ல வேண்டிய இடத்துல வாய் தானா வரணும். ஆயிரம் பக்க விதியும் கடைசியில அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வைக்கத்தான்.

அப்புறம் என்ன ஆச்சு?

டவர் தேர்வுல முதல் தடவை ஃபெயில். காரணம் வேற, அதை இன்னொரு பதிவுல சொல்றேன் (அவ்வ்வ்). ரெண்டாவது தடவை பாஸ். அன்னிக்கு ஒரு இத்தாலிய பைலட்கிட்ட நாலு தடவை "மறுபடி சொல்லுங்க"ன்னு கேட்டேன். தேர்வாளர் குறிப்புல அதுக்கு மார்க் குறைக்கல. பாராட்டி ஒரு வரி எழுதியிருந்தார்.

அதுக்கு அடுத்த வாரம் லேப்ல புது அளவீடு. மேற்பார்வையாளர் கடகடன்னு மூணு எண் சொன்னார். நான் பேனாவை வச்சிட்டு, ஒவ்வொரு இலக்கமா அவருக்குத் திருப்பிச் சொன்னேன். ரெண்டு சரி, ஒண்ணு தப்பு. திருத்தினார். மறுபடி சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு, "நல்லது, இப்படியே பண்ணுவோம்"னார். மொத்தம் இருபது விநாடி ஆகியிருக்கும். மூணு வாரம் மிச்சம்.

ஊருக்குப் போன் பண்ணும்போது இதை அம்மாகிட்ட சொன்னேன். "இதை நான் உனக்கு எல்கேஜியிலேருந்து சொல்றேன். கடைக்கு அனுப்பும்போது என்ன வாங்கணும், திருப்பிச் சொல்லுன்னு கேப்பேனே, மறந்துட்டியா?"ன்னாங்க. பதில் சொல்ல முடியல.

நீங்களும் இந்த மாதிரி தலையாட்டி மாட்டிக்கிட்ட கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. கும்மியும் அடிக்கலாம், தப்பில்ல.

டிஸ்கி: அடுத்த வாரம் எஸ்3 தியரி ஆரம்பம். மென்டர் அபிட்டூர் பாஸ் பண்ணிட்டு, லாங்கன் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பிச்சிருக்கான். ஹாம்பர்க் தேர்வு பாக்கி. அவனுக்காக ஒரு நிமிஷம் பிள்ளையாரை வேண்டிக்குங்க.